உழைப்பே கட்டணம்: பெற்றோர் கூட்டுறவுக் காப்பகங்களின் வரலாறு

பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கான கட்டணத்தைப் பணமாகக் கொடுக்க முடியாத பெற்றோர், அதற்கு ஈடாக வேலை செய்து கழிப்பது பகல்நேரக் காப்பகங்களைப் போலவே பழைய வழக்கம். தையல், சலவை, சமையல், சுவருக்கு வண்ணம் பூசுதல், கணக்கு எழுதுதல், முறை வைத்துப் பிள்ளைகளைக் கவனித்தல் என அந்த வேலை பல வகைப்பட்டது. மேற்கு நாடுகளில் கடந்த இருநூறு ஆண்டுகளில் அது மூன்று வடிவங்களில் வளர்ந்தது. ஏழைத் தாயின் உழைப்பைப் பெற்றுக்கொண்டு அவள் குழந்தைக்கு இடம் தந்த அறநிலையங்கள் முதல் வடிவம். பெற்றோர் சேர்ந்து நடத்தி, உழைப்பைத் தொடக்கத்திலேயே கட்டணத்தின் ஒரு பகுதியாக வைத்த கூட்டுறவு மழலையர் பள்ளிகள் இரண்டாவது. பணத்தை முழுவதுமாக விலக்கி, மணிக்கணக்கையே நாணயமாக்கிய குடும்பக் குழுக்கள் மூன்றாவது. இவற்றோடு, கட்டணப் பாக்கி வைத்த தனி ஒரு குடும்பம் காப்பகம் நடத்துபவருக்கு வேலை செய்து கணக்கை நேர் செய்வதும் எங்கும் நடந்துவந்திருக்கிறது. சட்டம் தன் பார்வையைத் திருப்பியது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையின் மீதுதான்.

அறநிலையங்களின் காலம்

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் 1795இல் குவேக்கர் சமயப் பெண்கள் ஆன் பாரிஷ் என்பவரின் முன்முயற்சியில் ஏழைப் பெண்களுக்கு உதவவும் வேலை தரவும் ஒரு சங்கம் அமைத்தார்கள். அந்தச் சங்கம் நடத்திய தொழிலகத்தில் கைம்பெண்களும் வருமானமற்ற தாய்மாரும் நூல் நூற்றனர். கைக்குழந்தையோடு வந்தவர்கள் வேலையில் உட்கார முடியாமல் தவித்ததால், 1798 அளவில் அங்கேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் பகல்நேரக் காப்பகங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். தாய் வேலை செய்தாள், குழந்தைக்குக் காவல் கிடைத்தது. காவலுக்குத் தனி விலை பேசப்படவில்லை. அது அவள் உழைப்போடு கட்டப்பட்டிருந்தது.

பிரான்ஸில் ஃபிர்மாங் மார்போ 1844இல் பாரிஸின் ஷையோ பகுதியில் தொடங்கிய 'கிரெச்' வேறு வழியில் சென்றது. வெளியே கூலி வேலைக்குப் போகும் தாய் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 சென்டிம் செலுத்த வேண்டும். செலவில் பெரும்பகுதியைக் கொடையாளர்கள் ஏற்றார்கள். ஆனாலும் தாயிடமிருந்து சிறு தொகையாவது வாங்க வேண்டும் என்பதில் மார்போ உறுதியாக இருந்தார். கட்டணம் கொடுப்பவள் பிச்சை வாங்குவதாக உணரமாட்டாள் என்பது அவர் எண்ணம். பின்னாளில் பணத்துக்குப் பதில் உழைப்பை ஏற்ற அமைப்புகளுக்கும் இதே எண்ணமே அடிப்படையானது: எதையாவது கொடுப்பவருக்கு அங்கே பேச உரிமை உண்டு.

அந்த உரிமை இல்லாமல் உழைப்பு மட்டும் வாங்கப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் சாட்சி. 1854இல் அங்கே ஏழைப் பெண்களின் குழந்தைகளுக்காக ஒரு காப்பகம் தொடங்கப்பட்டு, பிறகு அது குழந்தைகள் மருத்துவமனையாகவும் வளர்ந்தது. போக்கிடமற்ற தாய் தன் பச்சைக் குழந்தையோடு அங்கே தங்கலாம். ஆனால் அவள் தன் குழந்தைக்குப் பால் கொடுப்பதோடு, தாயற்று வந்த இன்னொரு குழந்தைக்கும் பால் கொடுக்க வேண்டும். செயற்கைப் பால் உணவு பாதுகாப்பற்றதாக இருந்த அந்தக் காலத்தில் அனாதைக் குழந்தை பிழைக்க வேறு வழி அரிது. ஆயினும் ஒருத்தியின் பால் இரு குழந்தைகளுக்குப் பங்கிடப்பட்டபோது, அதன் விலையைத் தீர்மானித்தது அவள் அல்ல. மறுத்தால் தெருதான். உழைப்பும் காவலும் கைமாறின. ஆனால் இரு தரப்பும் சமமாக இல்லை.

இதே நூற்றாண்டில் தொழிலாளர் உரிமை வேறொரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. கூலியைப் பண்டமாகவோ முதலாளியின் கடைச் சீட்டாகவோ கொடுக்காமல் நாணயமாகவே கொடுக்க வேண்டும் என்று பிரிட்டனில் 1831ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. பண்டமாற்றில் வலுவில்லாதவர் ஏமாற்றப்படுகிறார் என்பதே அந்தச் சட்டத்தின் கருத்து. காப்பகக் கட்டணத்துக்கு ஈடாக வேலை வாங்குவது பற்றி இருபதாம் நூற்றாண்டில் எழுந்த கேள்விகளுக்கும் இந்தக் கருத்தே வேர்.

கூட்டுறவு மழலையர் பள்ளி

இங்கிலாந்தின் ராச்டேல் நெசவாளர்கள் தங்கள் கூட்டுறவுக் கடையைத் திறந்ததும் 1844இல்தான். வாடிக்கையாளரே உரிமையாளர் என்ற அவர்களது கொள்கை மளிகையிலிருந்து வீட்டுவசதிக்கும் கடனுதவிக்கும் பரவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தை வளர்ப்பையும் எட்டியது. 1916இல் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் மனைவியர் 12 பேர் தங்கள் பிள்ளைகளுக்காக ஒரு கூட்டுறவு நர்சரியைத் தொடங்கினார்கள். போர்க்காலச் செஞ்சிலுவைப் பணிக்கு நேரம் கிடைக்க வேண்டும், பிள்ளைகள் கூடி விளையாட வேண்டும், குழந்தை வளர்ப்பைத் தாங்களும் கற்க வேண்டும் என்பவை அவர்களது நோக்கங்கள். பெற்றோர் கூட்டுறவுக் காப்பகங்களின் வரலாறு வழக்கமாக இந்த நர்சரியிலிருந்தே தொடங்கப்படுகிறது. 1927இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் கேத்தரின் வைட்சைட் டெய்லர் ஒரு கூட்டுறவு நர்சரியை அமைத்தார். பின்னர் அவர் இந்த இயக்கத்தின் முதன்மை எழுத்தாளராகவும் வழிகாட்டியாகவும் ஆனார்.

இந்தப் பள்ளிகளின் நடைமுறை எளியது. பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியருக்கு மட்டும் சம்பளம். உதவியாளர் வேலையைத் தாய்மார் முறை வைத்துச் செய்வார்கள். ஒரு குடும்பத்துக்கு வாரத்தில் அல்லது இரு வாரத்தில் ஒரு காலைப் பொழுது முறைநாளாக வரும். அன்று அந்தத் தாய் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்து, களிமண்ணும் வண்ணமும் எடுத்து வைத்து, சண்டை போட்டவர்களை விலக்கி, கடைசியில் தரையைக் கூட்டிவிட்டுப் போவார். கணக்கு, கொள்முதல், சேர்க்கை, துப்புரவு, தளவாடப் பழுது ஆகியவை குழுக்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. தச்சு வேலை தெரிந்த தந்தை விடுமுறை நாளில் ஊஞ்சலைச் சரிசெய்தார், தட்டச்சு தெரிந்தவர் கடிதங்கள் அடித்தார்.

குழந்தைக் காப்பகத்தின் செலவில் பெரும்பங்கு சம்பளமே. சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு ஆள் குறைத்துக் காவல் வைக்க முடியாது. இயந்திரம் அந்த வேலையைச் செய்யாது. ஆகவே கட்டணத்தைக் குறைக்க ஒரே வழி, சம்பளம் வாங்குவோரின் எண்ணிக்கையைக் குறைத்து அந்த இடத்தில் பெற்றோரின் உழைப்பை வைப்பதுதான். கூட்டுறவுப் பள்ளிகளின் மாதச் சந்தா சாதாரணத் தனியார் நர்சரியைவிடக் குறைவாக இருந்ததன் காரணம் இதுவே. பெற்றோர் கொடுத்த வேலை உதவி என்று எண்ணப்படவில்லை. சந்தாவில் பாதி பணமாகவும் மீதி உழைப்பாகவும் கட்டுகிறோம் என்றே அவர்கள் கருதினார்கள். முறைநாளைத் தவறவிட்டவர் மாற்று ஆளை ஏற்பாடு செய்ய வேண்டும் அல்லது அபராதம் கட்ட வேண்டும் என்ற விதி பல பள்ளிகளில் எழுதப்பட்டது. முறைவேலை செய்வோருக்கு ஒரு சந்தா, செய்ய இயலாதவருக்குக் கூடுதல் சந்தா என இரு விலை வைத்த பள்ளிகளும் இருந்தன. இந்த இரண்டு சந்தாக்களுக்கும் இடையிலான வேறுபாடுதான் பெற்றோரின் உழைப்புக்குப் பணத்தில் சொல்லப்பட்ட மதிப்பு.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு லான்ஹம் சட்டத்தின் கீழ் நிதி தந்து, தொழிற்சாலை வேலைக்குப் போன தாய்மாருக்காகக் காப்பகங்களை நடத்தியது. நாளொன்றுக்கு 50 சென்ட் அளவிலான கட்டணத்தில் பிள்ளைக்குச் சாப்பாடும் கிடைத்தது. போர் முடிந்ததும் 1946இல் அந்த நிதி நின்றது. பெரும்பாலான காப்பகங்கள் மூடப்பட்டன. அதன் பின் புறநகர்களில் குடியேறிய இளம் குடும்பங்கள் கூட்டுறவு நர்சரிகளைப் பெருமளவில் தொடங்கின. இவற்றை இணைக்க 1960இல் அமெரிக்கப் பெற்றோர் கூட்டுறவுகளின் மன்றம் உருவானது. 1964இல் கனடா முதலிய நாடுகளையும் சேர்த்துப் பன்னாட்டு அமைப்பாகப் பெயர் மாறியது. 1971இல் நாடு தழுவிய காப்பகத் திட்டத்துக்கான மசோதா காங்கிரஸில் நிறைவேறியும் அதிபர் நிக்ஸன் அதைத் தம் மறுப்பு அதிகாரத்தால் தடுத்தார். அரசு பின்வாங்கிய ஒவ்வொரு முறையும் பெற்றோரின் உழைப்பே இடைவெளியை நிரப்பியது.

நியூசிலாந்தின் பிளேசென்டர்

இந்த முறை ஒரு நாட்டின் கல்வி அமைப்புக்குள்ளேயே இடம் பிடித்தது நியூசிலாந்தில். 1941இல் வெலிங்டனின் கரோரி பகுதியில் முதல் 'பிளேசென்டர்' தொடங்கப்பட்டது. கணவன்மார் போருக்குச் சென்றுவிட, தனியே பிள்ளை வளர்த்த பெண்களுக்குச் சிறிது ஓய்வும் பிள்ளைகளுக்குக் கூடி விளையாட இடமும் தருவது அதன் தொடக்க நோக்கம். பியாட்ரிஸ் பீபி, ஜோன் வுட், இங்கெ ஸ்மிதெல்ஸ் ஆகியோர் அதன் முன்னோடிகள். 1948இல் நாடு தழுவிய கூட்டமைப்பு உருவானபோது கல்வியாளர் குவென் சாமர்செட் அதன் முதல் தலைவரானார்.

அமெரிக்கக் கூட்டுறவுகளில் பெற்றோர் ஆசிரியருக்கு உதவியாளராக இருந்தார்கள். பிளேசென்டரிலோ பெற்றோரே பயிற்சி பெற்று மையத்தை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தார்கள். பயிற்சி வகுப்பு, செய்முறை, படிப்படியான சான்றிதழ் என ஓர் ஏணி இருந்தது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட பெண்கள் பலர் இந்த ஏணியில் ஏறிப் பின்னர் ஆசிரியர்களாகவும் ஊர்ப் பொதுவாழ்வில் தலைவர்களாகவும் ஆனார்கள். கட்டணத்துக்கு ஈடாகக் கொடுத்த உழைப்பு கொடுத்தவருக்கே கல்வியாகத் திரும்பி வந்தது. இந்த வழக்கத்தின் வரலாற்றில் இதைவிடச் சிறந்த பலன் வேறில்லை.

1950களிலும் 60களிலும் லெக்ஸ் கிரே முதலியோரின் முயற்சியால் மாவோரி ஊர்களிலும் பிளேசென்டர்கள் பரவின. 1982இல் வைனுயியோமாட்டாவில் முதல் 'கோஹங்கா ரெயோ' திறக்கப்பட்டது. 'மொழிக் கூடு' எனப் பொருள்படும் இந்த மாவோரி மொழி மழலையர் நிலையங்களில் உறவுக் குடும்பம் முழுவதும் பொறுப்பேற்றது. பாட்டிமார் பிள்ளைகளோடு மாவோரி மொழியில் பேசிப் பழகினார்கள், மற்றவர்கள் சமையலும் துப்புரவும் பார்த்தார்கள். மூத்தோரிடமிருந்த மொழி எந்தப் பணத்தாலும் வாங்க முடியாத பங்களிப்பாக அங்கே மதிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் பரவிய விதம்

பிரிட்டனில் கல்வி அமைச்சகம் 1960இல் அனுப்பிய சுற்றறிக்கை, அரசு நர்சரி இடங்களை மேலும் பெருக்குவதைத் தடுத்தது. 1961 ஆகஸ்டில் பெல் டுடாயெவ் என்ற லண்டன் தாய் 'கார்டியன்' நாளிதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நர்சரி கிடைக்காத பெற்றோர் தாங்களே குழு அமைத்துக்கொள்ளலாம், அரசிடமும் சேர்ந்து கேட்கலாம் என்பது அதன் சாரம். நாடெங்கிலுமிருந்து பதில்கள் குவிந்தன. 1962இல் மழலையர் விளையாட்டுக் குழுக்களின் சங்கம் பிறந்தது. தேவாலயக் கூடங்களிலும் ஊர்ப் பொது மண்டபங்களிலும் இந்தக் குழுக்கள் காலை நேரங்களில் கூடின. தாய்மார் முறை வைத்து உதவியதால் கட்டணம் சில ஷில்லிங்குகளோடு நின்றது. அரசு நர்சரிக்காகக் கேட்கத் தொடங்கிய இயக்கம் தானே நர்சரியாக மாறியது. இதனால் அரசு தன் கடமையிலிருந்து எளிதில் நழுவியது என்ற குற்றச்சாட்டும் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் உண்மை இல்லாமல் இல்லை.

மேற்கு ஜெர்மனியில் இந்த வழக்கம் அரசியல் எழுச்சியோடு பிணைந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் மோனிகா சைஃபர்ட் 1967இல் கண்டிப்பும் தண்டனையும் இல்லாத ஒரு குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மேற்கு பெர்லினில் திரைப்பட இயக்குநர் ஹெல்கே சாண்டர் முதலியோர் அமைத்த பெண்கள் குழு 'கிண்டர்லாடன்' எனும் காப்பகங்களை உருவாக்கியது. பெரிய அங்காடிகள் வந்ததால் மூடப்பட்ட சிறு கடைகளைக் குறைந்த வாடகைக்கு எடுத்து நடத்தியவை இவை. சமையல், பாத்திரம் கழுவுதல், சுவர் பூச்சு, கணக்கு எல்லாம் பெற்றோர் கையில். தந்தையும் தன் முறைக்கு வந்தே ஆக வேண்டும் என்பதை இந்தக் குழுக்கள் வலியுறுத்தின. அதுவரை பெற்றோரின் உழைப்பு என்றால் தாயின் உழைப்பு என்றே எல்லா நாடுகளிலும் பொருள் கொள்ளப்பட்டது. அந்தப் பழக்கத்தை நேரடியாகக் கேள்வி கேட்டது ஜெர்மானியப் பெண்களின் இந்த இயக்கமே. இன்றும் ஜெர்மனியில் பெற்றோர் முன்முயற்சிக் காப்பகங்கள் ஏராளம். சமையல் முறையும் துப்புரவு முறையும் பழுதுபார்க்கும் நாளும் அவற்றின் சேர்க்கை ஒப்பந்தத்தில் இடம்பெறுகின்றன.

பிரான்ஸில் 1968 மாணவர் எழுச்சியின்போது அனுமதியின்றித் தோன்றிய காப்பகங்கள் பிறகு 'பெற்றோர் கிரெச்' என்ற முறையான வடிவம் பெற்றன. 1980களின் தொடக்கத்தில் அவற்றுக்கு நாடளாவிய சங்கமும் அமைந்தது. ஸ்வீடனில் அரசுக் காப்பகங்கள் போதாத நிலையில், 1985இல் பெற்றோர் கூட்டுறவுகளுக்கும் அரசு மானியம் கிடைக்க வழி செய்யப்பட்டது. அங்கே மானியம் சம்பளத்தைத் தாங்கியது. பெற்றோர் துப்புரவு, பராமரிப்பு, ஊழியர் விடுப்பில் மாற்று வேலை ஆகியவற்றைச் செய்தார்கள். வறுமையால் அல்ல, பள்ளியை நடத்துவதில் குரல் வேண்டும் என்பதற்காகவே ஸ்வீடன் பெற்றோர் பலர் உழைப்பைக் கொடுத்தார்கள் என்பதை அந்நாட்டு ஆய்வுகள் காட்டின.

மணிக்கணக்கே நாணயம்

கட்டடமும் ஆசிரியரும் இல்லாமல், வீட்டுக்கு வீடு குழந்தை பார்த்துக்கொள்ளும் குழுக்கள் மூன்றாவது வடிவம். வாஷிங்டனின் கேப்பிடல் ஹில் பகுதியில் ஏறத்தாழ 150 இளம் தம்பதியர் சேர்ந்த ஒரு குழு இதில் பெயர்பெற்றது. குழு தன் உறுப்பினர்களுக்குச் சீட்டுகளைக் கொடுத்தது; ஒவ்வொரு சீட்டும் அரை மணி நேரக் காவலுக்குச் சமம். மாலையில் வெளியே போகும் தம்பதி, தங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவருக்கு அத்தனை சீட்டுகளைக் கொடுப்பார்கள். அவர் அதை வைத்து இன்னொரு நாள் வேறு யாரிடமும் காவல் பெறலாம். செய்த முறையும் வர வேண்டிய முறையும் மொய் நோட்டில் போலக் கணக்காக நின்றன.

1970களில் இந்தக் குழு ஒரு சிக்கலில் மாட்டியது. அவசரத்துக்கு உதவும் என்று எல்லோரும் சீட்டுகளைச் சேமிக்க விரும்பினார்கள். எனவே பிள்ளை பார்க்க ஆளிருந்தும் வெளியே போக யாருமில்லை. போகாததால் சீட்டு சம்பாதிக்கும் வாய்ப்பும் சுருங்கியது. கட்டாயமாக வெளியே போக வேண்டும் என்ற விதி பலிக்கவில்லை. கூடுதல் சீட்டுகளை வெளியிட்டபோது நிலை சரியானது. பின்னர் சீட்டு மிகுந்து, பிள்ளை பார்க்க ஆள் கிடைக்காத எதிர்ச் சிக்கல் வந்தது. குழுவின் உறுப்பினர்களான ஜோன், ரிச்சர்ட் ஸ்வீனி இருவரும் 1977இல் ஒரு பொருளியல் ஆய்விதழில் இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பொருளியலறிஞர் பால் குருக்மன் அதைத் தம் எழுத்துகளில் பலமுறை எடுத்தாண்டு பொருளாதார மந்தத்துக்கு விளக்கமாக்கினார். காப்பகங்களைப் பொறுத்தவரை அதன் பாடம் எளியது: உழைப்பை நாணயமாக்கினால், நாணயத்துக்கு வரும் நோய்கள் அதற்கும் வரும்; அதைக் கணக்கிட ஒருவர் தொடர்ந்து பொறுப்பேற்க வேண்டும்.

ஜப்பானில் மிஸுஷிமா தெருகோ 1973இல் ஒசாகாவில் தன்னார்வ உழைப்பு வங்கியை நிறுவினார். இளம் தாய் இன்று பெறும் உதவியை, பிள்ளைகள் வளர்ந்து நேரம் கிடைக்கும்போது பிறருக்குத் திருப்பித் தரலாம். முதுமையில் மீண்டும் பெறலாம் என்பது அவர் வகுத்த திட்டம். பிள்ளை சிறியதாக இருக்கும் நேரத்திலேயே உழைப்பையும் கேட்பது கொடுமை என்பதை உணர்ந்து, திருப்பித் தரும் காலத்தை ஒரு வாழ்நாள் அளவுக்கு நீட்டியதே மிஸுஷிமாவின் தனிச்சிறப்பு. அமெரிக்காவில் வழக்கறிஞர் எட்கர் கான் 1980இல் வடிவமைத்த 'நேர டாலர்' திட்டமும், அதிலிருந்து வளர்ந்த நேர வங்கிகளும், எவருடைய ஒரு மணி நேரமும் மற்றவருடைய ஒரு மணி நேரத்துக்குச் சமம் என்ற விதியில் நின்றன.

சட்டத்தின் பார்வை

உழைப்பு கட்டணமாக மாறும்போது அதற்கு வரி உண்டா? அமெரிக்க வருமான வரித்துறை 1979இல் வெளியிட்ட ஒரு தீர்ப்புரை இதைத் தெளிவாக்கியது. வழக்கறிஞர் ஒருவர் சட்ட ஆலோசனை தந்து, அதற்குப் பதிலாகத் தம் வீட்டுக்கு வண்ணம் பூசிப் பெற்றால், இருவரும் தாங்கள் பெற்ற வேலையின் சந்தை மதிப்பை வருமானமாகக் காட்ட வேண்டும். வாடகைக்குப் பதில் ஓவியரிடம் ஓர் ஓவியம் பெற்ற வீட்டுக்காரருக்கும், வீட்டில் தங்கிய ஓவியருக்கும் இதே விதி. இதன்படி, பாக்கிக்கு ஈடாக ஒரு தந்தையிடம் சமையலறையைச் சீரமைத்துப் பெறும் காப்பக உரிமையாளர் அந்த வேலையின் மதிப்பைத் தம் வருமானத்தில் சேர்க்க வேண்டும். தந்தைக்கும் அது வருமானம். பண்டமாற்று மன்றங்கள் தங்கள் உறுப்பினர்களின் பரிமாற்றங்களை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என 1982ஆம் ஆண்டு வரிச் சட்டம் கூறியது.

ஆனால் அதே வரித்துறை ஒரு விலக்கையும் வைத்தது. வணிக நோக்கமின்றி, ஒரே வகையான சேவையை முறைசாராமல் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடு பண்டமாற்று மன்றம் ஆகாது. இதற்கு அத்துறை தரும் எடுத்துக்காட்டே, அக்கம்பக்கத்துப் பெற்றோர் நடத்தும் குழந்தை பார்க்கும் கூட்டுறவுதான். சமமானவர்கள் முறை மாற்றிக்கொள்வது வேறு, கடன்பட்டவர் தொழில் நடத்துபவருக்கு வேலை செய்வது வேறு என்று சட்டம் இங்கே கோடு போட்டது.

தொழிலாளர் சட்டத்திலும் இந்தக் கோடு தெரிகிறது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சமய அறக்கட்டளையின் வணிக நிறுவனங்களில் உணவு, உடை, உறைவிடத்துக்காக உழைத்தவர்களைப் பற்றிய வழக்கில், அவை வேறு வடிவில் வந்த கூலியே என்றும், அவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பொருந்தும் என்றும் தீர்ப்பளித்தது. உழைத்தவர்கள் தங்களைத் தொண்டர்கள் என்று சொன்னதையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. இலாப நோக்குள்ள காப்பகம் ஒன்று கட்டணத்துக்கு ஈடாகத் தாயிடம் தொடர்ந்து வேலை வாங்கினால், அவர் ஊழியராகவே கருதப்படக்கூடும் என்பதை இத்தீர்ப்பு உணர்த்துகிறது.

பிரிட்டனில் இந்தக் கோடு தவறான இடத்தில் விழுந்த நிகழ்வும் உண்டு. ஒரே வேலையைப் பகிர்ந்து பார்த்த காவல்துறைப் பெண்கள் இருவர், ஒருவர் பணியில் இருக்கும்போது மற்றவர் அவரது குழந்தையைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். பணம் கைமாறவில்லை. ஆனால் 2006ஆம் ஆண்டுக் குழந்தைக் காப்பகச் சட்டத்தில் 'பிரதிபலன்' என்பது பணத்தை மட்டும் குறிக்காததால், பதிவு செய்யாமல் காப்பகம் நடத்துவதாக, காப்பகங்களை ஆய்வு செய்யும் அமைப்பு 2009இல் அவர்களுக்குத் தெரிவித்தது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்தது. நண்பர்களுக்குள் நடக்கும் பரஸ்பரக் காவலுக்கு விலக்கு அளிப்பதாக அரசு அறிவித்தது.

வழக்கத்தின் எல்லைகள்

கட்டணப் பாக்கியைத் தனியே உழைப்பால் தீர்க்கும் ஏற்பாட்டில் ஆபத்து மிகுதி. எத்தனை மணி நேரம், எந்த வேலை, ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு கழிப்பது, எப்போது முடியும் என்பன முன்பே எழுதப்படாவிட்டால் கடன் முடிவதே இல்லை. காப்பகம் நடத்துபவர் பெரும்பாலும் குறைந்த வருமானமுள்ள பெண்தான். அவருக்கு வாடகையும் பால் செலவும் பணமாகவே தேவை. தோட்டத்தைச் சுத்தம் செய்து பெறுவதால் மின்கட்டணம் கட்ட முடியாது. வராத கட்டணத்தை நட்டமாகக் காட்டி வரி குறைக்கவும் வழியில்லை. கைக்கு வந்த பணத்தை மட்டும் கணக்கில் எழுதுபவர், வராத தொகையை வருமானமாகவே காட்டியிருக்க மாட்டார். மேலும், பிள்ளைகளோடு நேரடியாகப் பழகும் வேலையைக் கடன் கழிக்க வந்தவரிடம் எளிதில் ஒப்படைக்க முடியாது. காப்பகங்களில் பின்னணிச் சரிபார்ப்பு பல நாடுகளில் கட்டாயமாகிவிட்டது; அமெரிக்காவில் 2014ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரிவாக்கியது. ஆகவே கழிக்கும் வேலை சலவை, பழுது, கணக்கு போன்றவற்றோடு நின்றுவிடுகிறது.

கூட்டுறவுகளுக்கு வேறொரு எல்லை உண்டு. முறைநாளுக்கு வரப் பகலில் ஓய்வுள்ள பெற்றோர் தேவை. வேலைக்குப் போகும் தாய்மார் பெருகப் பெருக அந்த ஓய்வு குறைந்தது. இரு வேலை பார்த்தும் கட்டணம் கட்ட முடியாத தாய்க்கு, பணத்தைவிட நேரமே அரிது. உழைப்பைக் கட்டணமாக ஏற்கும் முறை, பணம் இல்லாமல் நேரம் மட்டும் உள்ளவருக்கு உதவியது. இரண்டும் இல்லாதவருக்கு உதவவில்லை. அரசின் கொள்கையும் சில நேரம் பாதகமாக இருந்தது. நியூசிலாந்து 2007இல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் 20 மணி நேர இலவசக் காவலுக்கு நிதி தந்தபோது, ஆசிரியர் நடத்தும் நிலையங்களை முதன்மையாகக் கொண்டு அதை வகுத்தது. பெற்றோர் நடத்தும் பிளேசென்டர்களுக்கு 2010இல்தான் அது விரிவுபடுத்தப்பட்டது.

இத்தனை நாடுகளிலும் நிலைத்து நின்ற அமைப்புகளுக்குச் சில பொதுக் கூறுகள் உண்டு. வேலையின் அளவு முன்பே தெரிந்திருந்தது. எல்லாக் குடும்பங்களும் ஒரே விதிக்கு உட்பட்டன. ஏழைக்கு மட்டும் வேலை, பணக்காரருக்கு விலக்கு என்று இருக்கவில்லை. வேலை செய்தவருக்கு நிர்வாகத்தில் வாக்கு இருந்தது. நியூயார்க் காப்பகத்தில் இரு குழந்தைகளுக்குப் பால் கொடுத்த தாய்க்கும், கரோரியில் முறைநாளுக்கு வந்த தாய்க்கும் இடையிலான வேறுபாடு வேலையின் கடுமையில் மட்டும் இல்லை. முன்னவருக்கு விதியை மாற்றும் வழி இல்லை. பின்னவர் மாதக் கூட்டத்தில் எழுந்து அதை மாற்றக் கேட்கலாம். கட்டணத்துக்கு ஈடாக உழைப்பை ஏற்கும் எந்தக் காப்பகத்தையும் எடைபோட இந்த அளவுகோல் போதும்: உழைப்பவர் விதி வகுப்பதில் பங்கு பெறுகிறாரா என்பதே கேள்வி.